விழுந்த ட்ரோனை உடனே போட்டுப் பார்க்காதீர்கள்



இந்த நேரத்தில் வழக்கமாக வரிப் படிவம், காப்புறுதி, ஓய்வூதியம் என்று கணக்கு விசயங்களைத்தான் உங்களோடு கதைப்பேன். இன்றைக்கு ட்ரோன் கமரா திருத்துவதைப் பற்றிப் பேசப் போகிறேன். கணக்காளருக்கும் ட்ரோனுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்று என் மருமகன் தொலைபேசி எடுத்தான். "மாமா, ட்ரோன் மரத்தில அடிபட்டு விழுந்திட்டுது. கமரா தலை தொங்குது" என்றான். அவன் கிழமை நாட்களில் ஒரு கம்பனியில் வேலை செய்கிறான். சனி, ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் கலியாணம், சாமத்திய வீடு, அரங்கேற்றம் என்று வீடியோ எடுக்கிறான். அந்த ட்ரோனைச் சீட்டுக் காசில் வாங்கியிருந்தான். சீட்டில் இன்னும் 7 மாதம் கட்ட இருந்தது. பத்து நாளில் துன் ஏரிக்கரையில் ஒரு கலியாணத்துக்கு ஒப்புக்கொண்டுமிருந்தான். அவனுக்கு அது விளையாட்டுச் சாமான் அல்ல.

நான் கேட்ட முதல் கேள்வி: "விழுந்த பிறகு என்ன செய்தனீ?"

"வேலை செய்யுதோ எண்டு ஓன் பண்ணிப் பாத்தனான் மாமா. நாலைஞ்சு தரம்."

அந்த "நாலைஞ்சு தரம்" என்பதுதான் இன்றைய உரையின் மையம். விழுந்த ட்ரோனை அந்த விழுகை கெடுப்பதை விட, விழுந்த பிறகு நாம் பதற்றத்தில் செய்யும் வேலை கூடுதலாகக் கெடுத்துவிடுகிறது. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, கிம்பல் என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம்.

ட்ரோனின் முன்பக்கத்திலே கமராவைத் தாங்கித் தொங்கும் அந்தச் சிறிய கையைத்தான் கிம்பல் என்கிறார்கள். ட்ரோன் காற்றில் எப்படிச் சாய்ந்தாலும் கமரா சாயாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. யோசனை மிகப் பழையது. கப்பல்களில் திசைகாட்டியை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் வளையங்களில் தொங்க விடுவார்கள். கப்பல் உருண்டாலும் திசைகாட்டி மட்டமாக நிற்கும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938-ல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது எங்களில் பலருக்குத் தெரிந்த கதை. அப்படிப்பட்ட கடலோடிகளுக்கு இந்த வளைய ஏற்பாட்டைப் பற்றி நாம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஜேர்மன் மொழியில் இதனைக் 'கர்டானிஷ' தொங்கல் என்பார்கள். 16-ம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கர்டானோவின் பெயரால் வந்தது அது. ஆனால் அவருக்கு நெடுங்காலம் முன்பே இந்த ஏற்பாடு இருந்திருக்கிறது.

கப்பலில் வேலையைச் செய்வது பாரம். ட்ரோனில் அதனைச் செய்வது மோட்டார். மூன்று திசைகளுக்கு மூன்று சிறிய மோட்டார்கள் உண்டு. ஒன்று கமராவை மேல் கீழாக ஆட்டும். ஒன்று இடம் வலமாகத் திருப்பும். மற்றது அடிவானம் சரியாதபடி பக்கச் சாய்வைச் சரிசெய்யும். சாய்வை உணரும் ஒரு நுண்கருவி ஒவ்வொரு கணமும் "இவ்வளவு சாய்ந்துவிட்டது" என்று சொல்ல, மோட்டார்கள் அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்பும். இந்த முழுத் தொகுதியும் சிறிய றப்பர் குமிழ்களில் தொங்குகிறது. விசிறிகளின் நடுக்கம் கமராவுக்குப் போகாமல் அந்த றப்பர் உறிஞ்சிக்கொள்ளும். கடைசியாக, கடதாசி போல மெல்லிய ஒரு நாடாக் கேபிள் மடிந்து மடிந்து மூன்று மூட்டுகளையும் தாண்டிப் போய் மோட்டார்களுக்கு மின்சாரத்தைக் கொடுக்கிறது. பல சிறிய ட்ரோன்களில் படத்தைக் கொண்டுவருவதற்குத் தலைமயிர் போன்ற வயர்களின் கட்டு ஒன்று தனியாக இருக்கும்.

2014-ல் டிஜேஐ நிறுவனத்தின் 'பாண்டம் 2 விஷன் பிளஸ்' மூன்று திசைக் கிம்பலோடு வந்த பிறகுதான் சாதாரண ஆட்களின் கைக்கு இது கிடைத்தது. 2019-ல் முழு ட்ரோனே 249 கிராமுக்குள் வந்துவிட்டது. அவ்வளவு பாரத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் கிம்பலின் கை மெலிதாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே ட்ரோன் முகம் குப்புற விழுந்தால் முதலில் அடி வாங்குவது கிம்பல்தான்.

இப்போது மருமகன் செய்ததைப் பாருங்கள். விழுந்த கிம்பலில் ஒரு புல் சிக்கியிருக்கலாம், கை வளைந்திருக்கலாம், கேபிள் பாதி கிழிந்திருக்கலாம். அந்த நிலையில் ட்ரோனைப் போட்டால் மோட்டார் கமராவை நேராக்க முயலும், முடியாது, இன்னும் பலமாக முயலும். அசைய முடியாத மோட்டாருக்குள் மின்சாரம் வெப்பமாக மாறும். கிழிந்த கேபிளில் இரண்டு கம்பிகள் தொட்டுக்கொண்டால் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையும் போகலாம். இருபது பிராங்குச் சாமானால் வந்த பிழை, சில நூறு பிராங்குப் பிழையாக மாறுவது இப்படித்தான்.

ஆகவே நேயர்களே, ட்ரோன் விழுந்தால் முதல் ஒரு மணித்தியாலம் செய்ய வேண்டியவை இவை.

முதலில் பற்றரியைக் கழற்றுங்கள். அது ஊதியிருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். ஊதிய லித்தியம் பற்றரியைத் திரும்பச் சார்ஜ் போடக் கூடாது, வீட்டுக்குள்ளும் வைக்கக் கூடாது. அதன் முனைகளுக்கு ரேப் ஒட்டி, மணல் போட்ட தகரப் பெட்டியில் வைத்து வெளியே வைத்திருந்து, பற்றரி விற்கும் கடையில் சொல்லிக் கொடுங்கள். இங்கே பற்றரி விற்கும் கடைகள் பழையவற்றைக் காசில்லாமல் திருப்பி எடுக்க வேண்டும். இரண்டாவது, மெமறி காட்டை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மூன்றாவது, விழுந்த இடத்தில் சிதறிய துண்டுகளைப் பொறுக்குங்கள். ஒரு மிளகளவு றப்பர் குமிழ்கூடப் பிறகு பெரிய சாட்சியாக இருக்கும். நான்காவது, எதையும் தொட முன்னர் கைத்தொலைபேசியில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். காப்புறுதிக்கும் உதவும், திருப்பிப் பூட்டும்போதும் உதவும்.

அடுத்த நாள் வேலை முடிந்து மருமகன் வீட்டுக்குப் போனேன். நான் இதில் நிபுணன் அல்ல. வானொலி நிலையத்தில் ஒலிவாங்கி வயர்களுக்கு ஈயம் ஒட்டிப் பழகிய கை, அவ்வளவுதான். ஆனால் கணக்கு வேலை எனக்கு ஒன்றைக் கற்றுத் தந்திருக்கிறது. பரீட்சை மீதி சமப்படாவிட்டால் யாரும் புத்தகத்தைத் தூக்கி எறிவதில்லை. முதலில் கூட்டலைச் சரிபார்ப்போம். பிறகு வித்தியாசத்தைப் பார்ப்போம். அந்த வித்தியாசம் 9-ஆல் மீதியின்றிப் பிரிபட்டால், எங்கோ 54-ஐ 45 என்று இடம் மாற்றி எழுதியிருக்கக்கூடும் என்று சந்தேகிப்போம். அதாவது பிழையின் உருவமே பிழை இருக்கும் இடத்தைக் காட்டும். கிம்பலும் அப்படித்தான். செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கிப் படிப்படியாக உள்ளே போக வேண்டும்.

முதல் படி கண்ணால் பார்ப்பது. நல்ல வெளிச்சத்தில், ஒரு பூதக்கண்ணாடியோடு. கிம்பல் கவசத்தைக் கழற்றியாகிவிட்டதா? சிரிக்காதீர்கள். கவசத்தோடு போட்டுவிட்டு "மோட்டாருக்குச் சுமை கூடிவிட்டது" என்ற செய்தி வந்ததும் கடைக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். புல், மண், சிறு கல் மூட்டுகளில் சிக்கியிருக்கிறதா? றப்பர் குமிழ்கள் எல்லாம் தங்கள் துவாரத்தில் இருக்கின்றனவா? ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழிந்த றப்பர் இழுத்தால்தான் வாயைத் திறக்கும்.

இரண்டாம் படி கையால் அசைப்பது. பற்றரி இல்லாத நிலையில் கமராவை விரல் நுனியால் மூன்று திசைகளிலும் மெல்லத் திருப்ப வேண்டும். எண்ணெய் போட்ட கதவு போல மெதுவாகப் போனால் நல்லது. இடையில் கரகரத்தால் அல்லது ஓரிடத்தில் தட்டினால் கை வளைந்திருக்கலாம், அல்லது மோட்டாரின் அச்சு அடிபட்டிருக்கலாம். வளைந்த கையைக் குறட்டால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். அந்த மெல்லிய உலோகம் ஒருமுறை வளையும், திருப்பி வளைத்தால் வெடிக்கும். மயிரிழை பிசகினாலும் அடிவானம் சாயும். அதை மாற்றத்தான் வேண்டும்.

இந்த இரண்டு படியிலும் தடை எதுவும் இல்லை என்றால் மட்டுமே மூன்றாம் படி. விசிறிகளைக் கழற்றிவிட்டு, மட்டமான மேசையில் வைத்து, ஒரே ஒரு தரம் போட்டுப் பார்ப்பது. நல்ல கிம்பல் போட்டவுடன் மூன்று திசையிலும் ஒரு தரம் அசைந்து சோதித்துவிட்டு நேராக நிற்கும். அப்படி நடக்காவிட்டால் பத்து விநாடிக்குள் நிறுத்துங்கள். கண்டதை எழுதி வையுங்கள். பெரும்பாலும் நோய்க்குறிகள் ஐந்து விதமாக வரும்.

ஒன்று: கமரா செத்தது போலத் தொங்குகிறது, ஆனால் படம் வருகிறது. மோட்டார்களுக்குப் போகும் நாடாக் கேபிள் கிழிந்திருக்கலாம், அல்லது அதன் இணைப்புக் கழன்றிருக்கலாம். இரண்டு: கிம்பல் ஒழுங்காக நிற்கிறது, ஆனால் திரை கறுப்பு. படம் கொண்டுவரும் வயர்க்கட்டைச் சந்தேகியுங்கள். மூன்று: உறுமிக்கொண்டு நடுங்குகிறது. ஏதோ தடை இருக்கிறது, அல்லது மோட்டாரின் மூன்று கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கிறது. நான்கு: எல்லாம் வேலை செய்கிறது, அடிவானம் மட்டும் சாய்ந்திருக்கிறது. செயலியில் உள்ள கிம்பல் அளவுச் சீரமைப்பைச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் சாய்ந்தால் றப்பர் அல்லது கை. ஐந்து: படம் ஜெலி போல நெளிகிறது. இது பலவேளைகளில் கிம்பலின் பிழையே அல்ல. விளிம்பு உடைந்த விசிறி நடுக்கத்தைக் கூட்டுகிறது. புதிய விசிறி மாட்டினால் சரியாகிவிடும்.

எங்கள் ட்ரோனுக்கு இருந்தது முதலாவது நோய். படம் வந்தது, தலை தொங்கியது. நாலைந்து தரம் போட்டதால் மோட்டார் எரிந்திருக்குமோ என்றுதான் எனக்குப் பயம். அதையும் அறிய வழி உண்டு. இந்த மோட்டார்களுக்கு மூன்று கம்பிகள். மல்ரி மீற்றரை எடுத்து, கம்பிகளை இரண்டிரண்டாக மூன்று சோடியாக அளந்தால் மூன்று தடையும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு சோடி மட்டும் மாறிக் காட்டினால் மோட்டார் பழுது. எங்களுடையதில் மூன்றும் சமமாக இருந்தன. மருமகனின் அதிர்ஷ்டம்.

நாடாக் கேபிள் ஒன்றை வரவழைத்தோம். 18 பிராங். அது வந்து சேர நான்கு நாள்.

இந்த இடத்திலே என் பிழையையும் சொல்லியாக வேண்டும். கேபிளின் முனை பலகையோடு சேரும் இடத்தில் நகக்கண்ணளவு ஒரு கறுப்புத் தாழ்ப்பாள் இருக்கும். அதனை மேலே கிளப்பிவிட்டால் கேபிள் தானாகக் கழன்று வரும். நான் அவசரத்தில் தாழ்ப்பாளைக் கிளப்பாமல் இழுத்தேன். பழைய கேபிள் என்பதால் அது கிழிந்தது பரவாயில்லை. ஆனால் தாழ்ப்பாளும் உடைந்திருந்தால் கதை முடிந்திருக்கும். "மாமா, நீங்களே சொன்னனீங்கள் அவசரப்படக் கூடாதெண்டு" என்றான் மருமகன். பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சரியான அளவு ஸ்குரூ டிறைவர் இல்லாமல் தொடங்காதீர்கள். தேய்ந்த ஸ்குரூத் தலை மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிடும். ஒரு வெள்ளைத் தாளில் ட்ரோனின் படத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்குரூவையும் அது இருந்த இடத்திலேயே ரேப்பால் ஒட்டி வையுங்கள். நீளமான ஸ்குரூவைக் குட்டையான துவாரத்தில் முறுக்கினால் உள்ளே இருக்கும் பலகையை அது துளைத்துவிடும். கேபிள் எந்தப் பக்கம், எத்தனை மடிப்பு என்பதை ஒவ்வொரு மூட்டிலும் படம் எடுங்கள். இறுக்கமாக மடித்தால் கமரா திரும்பும்போது இழுபட்டுச் சில நாளில் மீண்டும் கிழியும். கம்பளி உடுப்போடு உட்காராதீர்கள், குளிர்காலத்து வறண்ட அறையில் உடம்பில் சேரும் மின்சாரம் நுண்பாகங்களைக் கொல்லும். வேலைக்கு முன் வெப்பமூட்டிக் குழாயின் பெயின்ற் பூசாத உலோகப் பகுதியை ஒரு தரம் தொட்டுக்கொள்ளுங்கள்.

மோட்டாரை அல்லது முழுக் கிம்பலை மாற்றுவது வேறு விசயம். கோணத்தை அளக்கும் உணரியும் மோட்டாரும் ஒன்றோடொன்று அளவு பொருத்தப்பட்டவை. மாற்றிய பிறகு அந்தப் பொருத்தத்தைத் தயாரிப்பாளரின் மென்பொருளால் செய்ய வேண்டியிருக்கும். அது இல்லாவிட்டால் கமரா போட்டவுடன் ஒரு பக்கம் போய் முட்டிக்கொண்டு நிற்கும். றப்பர், விசிறி, கேபிள் வரை நாங்கள் பார்க்கலாம். அதற்கு மேலே அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் முறை.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். திருத்துவதா, புதிது வாங்குவதா? கணக்கு எளியது. அதே ட்ரோன் இன்று பாவித்த நிலையில் என்ன விலைக்கு விற்கும் என்று பாருங்கள். நீங்கள் வாங்கிய விலையைப் பார்க்காதீர்கள், அது போன காசு. திருத்தச் செலவு இன்றைய பெறுமதியின் பாதியைத் தாண்டினால் நான் யோசிப்பேன். அதோடு, சுவிஸ் சட்டத்தின்படி 2013-ம் ஆண்டிலிருந்து புதிய பொருளுக்கு விற்பனையாளரின் பொறுப்புக் காலம் இரண்டு வருடம். ஆனால் அது பொருளில் இருந்த குறைக்கு மட்டும். மரத்தில் அடித்ததற்கு அல்ல. சில தயாரிப்பாளர்கள் விழுந்தாலும் மாற்றித் தரும் திட்டத்தைத் தனியாக விற்கிறார்கள். வாங்கியிருந்தால் திறந்து பார்க்க முன்னர் அதன் நிபந்தனையை வாசியுங்கள், நீங்கள் ஸ்குரூவைத் தொட்டதும் அந்த உரிமை போகலாம்.

கையில் கருவிகள் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி திருத்தக் கஃபே. 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி தொடங்கிய இந்த முறை சுவிற்சர்லாந்திலும் பல ஊர்களில் நடக்கிறது. சனிக்கிழமைகளில் தொண்டர்கள் கருவிகளோடு இருப்பார்கள், நாங்கள் பழுதான சாமானோடு போய் அவர்களோடு சேர்ந்து திருத்தலாம். டொச் பேசிப் பழகவும் நல்ல இடம். திருத்தவே முடியாவிட்டால் குப்பையில் போடாதீர்கள். புதிய மின் சாதனம் வாங்கும்போதே மீள்சுழற்சிக் கட்டணம் விலைக்குள் சேர்ந்திருக்கிறது. ஆகவே அப்படிப்பட்ட சாதனங்கள் விற்கும் கடையில் பழையதைக் காசில்லாமல் ஒப்படைக்கலாம்.

சிறிய பாகம் ஒன்றை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. மருத்துவமனைகளுக்கிடையில் ஆய்வுகூட மாதிரிகளைக் கொண்டுபோன சுவிஸ் தபால் துறையின் ட்ரோன் ஒன்று 2019 ஜனவரியில் சூரிச் ஏரியில் விழுந்தது. அதே வருடம் மே மாதம் இன்னொன்று சூரிச்சில் ஒரு காட்டுப் பகுதியில், சிறுபிள்ளைகள் நின்ற இடத்துக்குச் சற்றுத் தொலைவில் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. ஆபத்து வேளையில் பரசூட் விரிந்துதான் இருந்தது. ஆனால் பரசூட்டையும் ட்ரோனையும் இணைத்த கயிறு அறுந்துவிட்டது. பெரிய நிறுவனம், அனுபவமுள்ள ஆட்கள், நல்ல இயந்திரம். போனது ஒரு கயிறு.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. லொசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இளைஞர்கள் 2014-ல் 'ஃபிளையபிலிட்டி' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முட்டினாலும் விழாத ட்ரோன் அவர்களுடையது. உருண்டையான கூண்டு ஒன்றுக்குள்ளே கிம்பல் வளையத்தில் ட்ரோனைத் தொங்க விட்டார்கள். கூண்டு சுவரில் முட்டிச் சுழலும், உள்ளே ட்ரோன் நேராகவே பறக்கும். அதற்கு வைத்த பெயரே 'கிம்பால்'. 2015-ல் டுபாயில் நடந்த போட்டியில் அதற்குப் பத்து லட்சம் அமெரிக்க டொலர் பரிசு கிடைத்தது. அடிபடும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டு செய்ததால் வந்த வெற்றி அது.

எங்கள் ட்ரோனுக்குத் திரும்புவோம். புதிய கேபிள் பூட்டிப் போட்டதும் கமரா தலையை நிமிர்த்தி, மூன்று பக்கமும் பார்த்து நின்றது. மருமகன் துள்ளினான். கலியாணத்துக்கு இன்னும் நான்கு நாள். "போதும் மாமா" என்றான். நான் வெளியில் பறக்க விட்டுப் பார்க்கச் சொன்னேன். அவன் வீட்டுக்குப் பின்னால் வெறும் புல்வெளி. ஆள் உயரத்தில் நின்றபோது எல்லாம் சரி. வேகமாகத் திரும்பியபோது அடிவானம் சரிந்தது, மெல்ல மீண்டது. சீரமைப்பை மூன்று தரம் செய்தும் அப்படியே.

கடைசியில் கண்டுபிடித்தோம். ஒரு றப்பர் குமிழின் கழுத்தில் கிழிவு. வெளிப்பார்வைக்கு முழுசாக இருந்தது. இழுத்தபோதுதான் வாய் திறந்தது. முதல் படியிலேயே இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். கேபிள்தான் பிழை என்று தெரிந்தவுடன் நான் மற்றதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். ஒரு பிழையைக் கண்டுபிடித்தவுடன் தேடலை நிறுத்துவது கணக்காளன் செய்யக் கூடாத வேலை. றப்பர் சில பிராங்குதான். ஆனால் அது வருவதற்குள் கலியாணம் வந்துவிடும்.

மருமகன் சொன்னான், "நேராப் பறந்தாச் சரிதானே மாமா, நான் திருப்பாம எடுக்கிறன்." அவனது நிலை எனக்கு விளங்கியது. சீட்டு இருக்கிறது, கொடுத்த வாக்கு இருக்கிறது. ஆனால் மரத்தில் அடித்து விழுந்த இயந்திரம் அது. கிம்பலைத் திருத்தினோம், உடம்பில் வேறெங்கு வெடிப்பு இருக்கிறதென்று வெறும் வெளியில் பல தரம் பறந்து பார்த்தால்தான் தெரியும். கலியாணத்தில் கீழே நிற்பது எங்கள் சனம், குழந்தைகள். இரவு முழுக்க யோசித்துவிட்டு, காலையில் அவனே மாப்பிள்ளை வீட்டாருக்கு உண்மையைச் சொன்னான். தெரிந்த ஒரு பெடியனைத் தன் ட்ரோனோடு வரச் சொல்லி, வருமானத்தில் பாதியைக் கொடுத்தான். நட்டம்தான். ஆனால் அந்த வீட்டுக்காரர் அடுத்த கொண்டாட்டத்துக்கும் அவனையே கேட்டிருக்கிறார்கள்.

பறக்க விடும் எல்லோரும் சட்டத்தையும் தெரிந்திருக்க வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் சுவிற்சர்லாந்திலும் ஐரோப்பிய ட்ரோன் விதிகள்தான். 250 கிராமுக்குக் குறைந்ததாக இருந்தாலும் கமரா இருந்தால் சமஷ்டி சிவில் விமானப் போக்குவரத்து அலுவலகத்தில் உங்களைப் பதிவு செய்து, அந்த இலக்கத்தை ட்ரோனில் ஒட்ட வேண்டும். 250 கிராமும் அதற்கு மேலும் என்றால் இணையப் பயிற்சியும் பரீட்சையும் உண்டு. அத்தோடு பிறருக்கு ஏற்படும் சேதத்துக்குக் குறைந்தது பத்து லட்சம் பிராங்குக்குக் காப்புறுதி வேண்டும். நாங்கள் 'ஹாஃப்ட்ஃப்ளிஹ்ட்' என்று சொல்வதுதான். உங்கள் வீட்டுக் காப்புறுதியில் ட்ரோன் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொதுவாக 120 மீற்றருக்கு மேலே போகக் கூடாது, கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே வைத்திருக்க வேண்டும், கூட்டத்துக்கு மேலே பறக்க விடக் கூடாது. தேர்த் திருவிழாவுக்கும் இது பொருந்தும்.

கடைசியாக ஒன்று. இது சட்டத்தில் இல்லாதது.

நாங்கள் பின்வெளியில் பறக்க விட்ட அன்று, மேல்மாடி பல்கனியில் எங்கள் உறவுக்கார அக்கா ஒருவர் இருந்தார். 2009 வரை வன்னியில் இருந்தவர். ட்ரோன் எழும்பியதும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது, "வண்டுச் சத்தம் மாதிரிக் கிடந்தது" என்று மட்டும் சொன்னார். மருமகனுக்கு விளங்கவில்லை. அங்கே வானத்தில் சுற்றி வேவு பார்த்த ஆளில்லா விமானத்தைச் சனங்கள் 'வண்டு' என்றுதான் அழைத்தார்கள். அந்தச் சத்தம் கேட்டால் அடுத்து என்ன வருமென்று அவர்களுக்குத் தெரியும். இங்கே பிறந்த பிள்ளைக்கு அது கலியாணச் சத்தம். அக்காவுக்கு அது பங்கருக்குள் ஓடச் சொல்லும் சத்தம். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

அன்றிலிருந்து மருமகன் ஒரு வழக்கம் வைத்திருக்கிறான். எந்தக் கொண்டாட்டத்திலும் பறக்க விட முன்னர், வயதானவர்கள் இருக்கும் மேசைக்குப் போய், "அம்மா, இப்ப ஒரு கமரா மேல போகும், சத்தம் கேட்கும், அஞ்சு நிமிசம்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் போடுகிறான். யாராவது வேண்டாம் என்றால் அன்றைக்கு மேலேயிருந்து படம் இல்லை.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பற்றரி கிடைக்காதபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். பழுதானதைத் திருத்துவது எங்களுக்குப் புதிதல்ல. அன்று வேறு வழியில்லாமல் செய்தோம். இன்று எங்கள் பிள்ளைகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து செய்யலாம். அவர்களுக்குச் செயலி தெரியும். எங்களுக்குப் பொறுமை தெரியும் என்று சொல்லிக்கொள்கிறோம், என்னைப் போன்ற சிலரைத் தவிர.

ட்ரோன் விழுந்தால் பற்றரியைக் கழற்றுங்கள். ஒரு இரவு விடுங்கள். பிறகு றப்பரிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்த மாதம் வழக்கம் போல வரிக் கணக்கோடு சந்திப்போம்.